மூன்று வீட்டுக்கு ஒரு பிரிஜ்

கைறுன்னிஸா மாமி வீட்டில் எந்தப் பொருளும் ஒரு வேலையோடு ஓய்ந்ததில்லை. அரிசி கழுவிய தண்ணீர் மீன் கழுவப் போகும். மீன் கழுவிய தண்ணீர் முருங்கையடிக்குப் போகும். சிரட்டை கரியாகும், கரி அயன் பெட்டிக்குள் கிடந்து சாம்பலாகும், அந்தச் சாம்பல் சட்டி விளக்கியது போக மிச்சம் கத்தரிப் பாத்திக்கு. கலேவெல டவுனில் மர ஆலைக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொட்டும் மரத்தூளைச் சும்மா கேட்டு எடுத்துவந்து, பெரிய பெயின்ட் டின் ஒன்றில் நடுவே போத்தலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து இறுக்கி, போத்தலை மெல்ல உருவி எடுப்பார். கீழே ஓர் ஓட்டை, நடுவில் ஒரு குழி. அதுதான் அடுப்பு. ஒருமுறை பற்றிவிட்டால் பகல் சாப்பாடு முடியும்வரை அணையாது.

அணையாத அடுப்பைச் சும்மா எரியவிட மாமிக்கு மனம் வராது. தன் சோற்றுப் பானை இறங்கியதும் மதிலுக்கு மேலால் குரல் கொடுப்பார். இந்தப் பக்கம் ஜெஸ்லா பருப்புச் சட்டியோடு வருவாள். அந்தப் பக்கம் இடியப்பம் அவித்து விற்கும் சந்திரகாந்தா அக்கா தண்ணீர்க் கேத்தலோடு வருவார். எங்கள் லேனில் ஒட்டி ஒட்டி இருக்கும் மூன்று வீடுகள் அவை. எதிர் வீடு எங்களுடையது. ஜன்னலைத் திறந்தால் மாமியின் முன்னறை தெரியும், பேசுவதும் கேட்கும்.

"ஒங்க வீட்டுக் குப்பைகூட வேலைக்குப் போகுது ராத்தா," என்பார் சந்திரகாந்தா அக்கா. "எங்க வீட்டுல மகன்தான் போறதில்ல."

மாமியின் புருஷன் இத்ரூஸ் மாமா தம்புள்ளை மொத்தச் சந்தையில் மூட்டை சுமக்கும் நாட்டாமையாக இருந்தவர். லொறியிலிருந்து கரட் மூட்டையும் கோவா மூட்டையும் இறக்கி முதுகு வளைந்த மனிதர். சீனி வருத்தம் முதலில் ஒரு விரலைக் கேட்டது. பிறகு பாதத்தைக் கேட்டது. கடைசியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிழமையே மாமி வீட்டிலிருந்த மாமாவின் இடது செருப்புகளை எல்லாம் எடுத்து, வட்டமாக வெட்டி, ஒழுகும் பைப்புகளுக்கு வாஷர் போட்டுவிட்டார். மாமா கட்டிலில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"என்னயும் எதுக்காவது வெட்டிப் பாவிச்சிக்கோ, கைறு" என்றார்.

மாமி சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்பு வந்தால் அப்படித்தான் வரும்.

மாமா விழுந்த பிறகு வீட்டை இழுத்தது மாமியின் அச்சாறு. சந்தையில் கழித்துப் போடும் கரட்டும் பச்சைமிளகாயும் தெரிந்த லொறிக்காரர்கள் மூலம் பையில் வரும். அழுகல் போக நல்ல பாதியை வெட்டி வினாகிரியில் ஊறப்போட்டு, பழைய ஜாம் போத்தல்களில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுப்பார். அது சாப்பாட்டுக்குப் போதும். மாமாவின் மருந்து ஆஸ்பத்திரியில் இல்லாத மாதங்களில் பாமசிக்கு ஓட வேண்டும். அதற்கும் இழுத்துப் பறித்துப் போதும். ஒரே மகள் நுஸ்ராவின் டியூஷனுக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் போதாது. அந்த இடத்தை அடைத்தது, மூன்று வீட்டுக்கும் மாதாமாதம் வந்த அரசாங்க உதவிப் பணம். அது வந்துகொண்டிருக்கும்வரை அவள் ஏ.எல். உயர்தரம் படிக்கலாம். நின்றால் அவளும் நிற்க வேண்டியதுதான். விஞ்ஞானப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய டீச்சர் ஒருமுறை லேனுக்கே வந்து, இந்தப் பிள்ளையை எப்படியாவது பரீட்சைக்கு உட்கார வையுங்கள், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி பிரிஜ்ஜின் கதை.

அது முஸம்மில் நானாவுடையது. ஜெஸ்லாவின் புருஷன். கட்டாரில் இருந்த காலத்தில் வாங்கிய பிரிஜ், வாஷிங் மெஷின் இரண்டும் அவர் திரும்பி வந்த பிறகும் மிஞ்சியிருந்தவை. வாங்கிய த்ரீவீலை லீசிங்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். அவர்கள் வீட்டு வயரிங் பழசு. பிரிஜ்ஜைப் போட்டால் ட்ரிப் விழுந்து வீடே இருண்டுவிடும். மாமா நன்றாக உழைத்த நாட்களில் புது வயர் இழுத்த வீடு மாமியுடையது. அதனால் பிரிஜ் அங்கே வந்தது. மழைத் தண்ணீர்த் தாங்கி மாமியின் கூரைக்குக் கீழே இருந்ததால் மெஷினும் பின்னாலேயே வந்தது. சோப்புத் தண்ணீர் வாழைக்கு ஓடியது.

கரண்ட் கட்டணம் ஏறிய வருடத்தில் மாமி அதையே ஓர் ஏற்பாடாக்கினார். குறைவாக எரிக்கும் வீட்டுக்கு யூனிட் விலை குறைவு. ஓர் அளவைத் தாண்டினால் மொத்தமாக ஏறும். அப்படியென்றால் தாண்டுவது ஒரு வீடு மட்டும் தாண்டட்டும். மற்ற இரண்டும் ஒரு பல்பு, ஒரு ஃபேன் என்று கீழேயே இருக்கட்டும். மாமி வீட்டு பில்லை மூவரும் பிரித்துக் கட்டலாம். சந்திரகாந்தா அக்காவும் தன் கிரைண்டரைக் கொண்டுவந்து மாமியின் முன்னறையில் வைத்தார். பிரிஜ்ஜில் மேல் தட்டு மாமாவின் இன்சுலினுக்கு, நடுத் தட்டு ஜெஸ்லாவுக்கு, கீழ்த் தட்டு அக்காவின் அரைத்த மாவுக்கு. யாரும் யாருடைய தட்டையும் தொடமாட்டார்கள். லேனில் மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பில் கட்டிய நாட்களில் இந்த மூன்று வீடும் தலைக்கு மேல் தண்ணீர் போகாமல் நின்றன. அந்த ஏற்பாட்டில் ஒருவரும் ஒருவரையும் ஏமாற்றவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உதவிப் பணம் எடுப்பவர்களின் வசதியை மறுபடியும் வீடு வீடாகப் பார்க்கப் பிரதேச செயலகத்திலிருந்து வந்தவர் வாகினி மிஸ். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இங்கே மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. கலேவெலயின் வெயிலில் ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியபோது நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. மாமி அதைப் பார்த்துப் பதறிப்போனார். ஃபேனைப் போட்டார். கதிரையைத் துடைத்தார். பிரிஜ்ஜைத் திறந்து குளிர்ந்த தேசிக்காய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

மாமி வீட்டில் "இல்லை" என்று சொல்லும் வழக்கம் கிடையாது. அரிசி தீர்ந்தால் அரிசி நிறைஞ்சிட்டு என்பார். எண்ணெய் முடிந்தாலும் நிறைஞ்சிட்டுதான். இல்லை என்ற சொல்லை வீட்டுக்குள் விட்டால் இல்லாமை பாய் விரித்துப் படுத்துவிடும் என்று ஒரு பயம். வந்த விருந்தாளிக்கு முன்னால் சொல்வதென்றால் இன்னும் மோசம். அதோடு, இன்னொருவர் பொருள் நம் வீட்டில் இருந்தால் அது அமானிதம். பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கேட்கிறவர்களிடமெல்லாம் இது இன்னாருடையது என்று விலாசம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

"பிரிஜ் வேலை செய்யுதோ அக்கா?" என்று வாகினி மிஸ் கேட்டார்.

"நல்லா வேல செய்யும் மகள்" என்றார் மாமி, அடுத்த வீட்டுப் பிள்ளையைப் புகழ்வதுபோல.

வாஷிங் மெஷின்? அதுவும் நல்லா வேலை செய்யும். கிரைண்டர்? குறைவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மாமி சொல்லச் சொல்ல வாகினி மிஸ் போனில் குறித்துக்கொண்டார். ஊர்ப் புதினம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றே மாமி நினைத்திருந்தார். போகும்போது ஓர் அச்சாறுப் போத்தலை நீட்டியிருக்கிறார். அதை வாங்கக் கூடாது அக்கா என்று அந்தப் பிள்ளை கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனது.

அடுத்த மாதம் ஜெஸ்லாவுக்குப் பணம் வந்தது. சந்திரகாந்தா அக்காவுக்கு வந்தது. மாமிக்கு வரவில்லை. வங்கியில் வரிசையில் நின்று, கவுண்டரில் இருந்தவர் இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தலையாட்ட, மாமி நடந்தே வீடு வந்தார். நுஸ்ரா பிரதேச செயலகத்துக்குப் போய் விசாரித்து வந்து சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. மின்சாரச் சாமான்கள் இவ்வளவு உள்ள வீட்டை வறிய வீட்டுக் கணக்கில் சேர்க்க வழியில்லை. கரண்ட் பில்லும் அதையே சொன்னது. லேனிலேயே பெரிய பில் மாமி வீட்டுடையதுதானே.

நுஸ்ரா மேன்முறையீடு எழுதிப் போட்டாள். பள்ளிவாசலில் கேட்டுப் பார்த்தார்கள். ஸகாத் பணம் நோன்போடு பிரித்துக் கொடுத்து முடிந்துவிட்டது; அடுத்த நோன்புக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடந்தது. டியூஷன் சொல்லித்தரும் சேர் ஒரு மாதம் பொறுத்தார். இன்னொரு மாதமும் பொறுத்தார். மூன்றாம் மாதம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நுஸ்ராதான் வகுப்புக்குப் போக வெட்கப்பட்டாள்.

செய்ய வேண்டியது என்ன என்பது மூன்று வீட்டுக்கும் தெரியும். பிரிஜ்ஜும் மெஷினும் எங்களுடையவை என்று முஸம்மில் வீட்டார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்படிச் சொன்னால் அவர்களின் பணம் நிற்கும். அவர்களுடைய சின்னவளுக்கு இரத்தத்தில் பிறவிக் கோளாறு. மாதம் தவறாமல் குருநாகலுக்குக் கூட்டிப்போய் இரத்தம் ஏற்றி வர வேண்டும். பஸ்ஸில் போனால் திரும்பி வரும்போது சுருண்டுவிடும். அந்தப் பணத்தில்தான் வாகனம் பிடிக்கிறார்கள். இரத்தம் ஏற்றும் நாள் நெருங்க நெருங்க அந்தப் பிள்ளையின் உதடு வெளுத்துக்கொண்டே வருவதை லேனில் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

சந்திரகாந்தா அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்காங்க ரெண்டு பேரும்?" என்று மதிலுக்குக் கேட்கும்படி சொன்னார். மாமி அவரை அதட்டினார். அதற்குப் பிறகு ஒரு பின்னேரம், மாமி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது, முஸம்மில் நானா வந்து தாங்கியடியில் நின்றார். நாங்க சொல்லத்தான் வேணும் ராத்தா, ஆனா என்று தொடங்கினார். அந்த "ஆனா"வுக்குப் பிறகு அவருக்கு வாய் வரவில்லை. சின்னவ சாப்பிட்டாளா என்று மாமி கேட்டார். சாப்பிட்டா என்றார் அவர். பேச்சு அதோடு முடிந்தது.

மேன்முறையீட்டை விசாரிக்க வாகினி மிஸ்ஸே மறுபடியும் வந்தார். இந்தத் தடவை தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தபோது வேண்டாம் என்றுவிட்டார். முன்னறையில் நின்றபடியே பேசினார். ஸ்கூட்டிச் சத்தம் கேட்டு ஜெஸ்லா சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். முஸம்மில் நானா அவளுக்குப் பின்னால். சந்திரகாந்தா அக்கா மாவுக் கையோடு படியில் நின்றார்.

"அக்கா, நான் கண்டதைத்தான் போட்டனான்," என்றார் வாகினி மிஸ். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "இதெல்லாம் உங்கட இல்லை எண்டு கடிதத்தில எழுதியிருக்கு. அப்ப ஆற்றை சாமான் எண்டு சொல்லுங்கோ. அதை அங்க மாத்திப் போட்டிட்டு உங்கட பேரை நான் இண்டைக்கே அனுப்புறன். ஆற்றையும் இல்லாத பிரிஜ் எண்டு என்னால எழுதேலாது."

பிரிஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"கிரைண்டர் என்னோடதுங்க மிஸ்," என்றார் சந்திரகாந்தா அக்கா. சொல்லிவிட்டு ஜெஸ்லாவைப் பார்த்தார்.

வாகினி மிஸ்ஸின் விரல் போனுக்கு மேலே கொஞ்சம் நின்றது. "அது சின்னச் சாமான். அதை நான் கேக்கேல்லை" என்றார். குறிக்கவில்லை.

ஜெஸ்லா வாயைத் திறக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் சின்னவளை ஓர் இடுப்பிலிருந்து மற்ற இடுப்புக்கு மாற்றினாள். முஸம்மில் நானா நிலத்தைப் பார்த்தார்.

அறைத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நுஸ்ரா வந்தாள். "மிஸ், அந்த பிரிஜ்—"

"நுஸ்ரா. வாப்பாக்குத் தண்ணி குடு."

"உம்மா, நான் சொல்றேன்—"

"வாப்பா கேக்கிறாங்க. போய்க் குடு."

மாமா தண்ணீர் கேட்கவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கைறு என்று ஒருமுறை கூப்பிட்டார். நுஸ்ரா அம்மாவைப் பார்த்தபடி நின்றாள். பிறகு திரைச்சீலைக்குள் போனாள்.

"எல்லாம் எங்கடதான் மகள்," என்றார் மாமி. "புள்ள தெரியாம எழுதிட்டா. நீங்க உள்ளத எழுதுங்க."

வாகினி மிஸ் மாமியின் முகத்தைப் பார்த்தார். வாசலில் நின்றவர்களையும் பார்த்தார். அவருக்கு விளங்கியிருக்கும். ஆனால் விளங்கியதை எழுத இடம் இல்லை. "வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?" என்று கேட்டார். மாமி தலையாட்டினார். ஸ்கூட்டி லேன் முனையில் திரும்பும் வரைக்கும் யாரும் அசையவில்லை.

அன்று பகல் ஜெஸ்லா வீட்டிலிருந்து ஒரு பீங்கான் நிறையச் சோறும் கோழிக்கறியும் வந்தது. அவர்கள் வீட்டில் கோழி ஆக்குவது எவ்வளவு அபூர்வமென்று எங்களுக்குத் தெரியும். மாமி வாங்கிக்கொண்டார். வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்பக் கூடாதென்று முருங்கையிலை ஆய்ந்து நிரப்பி அனுப்பினார். நுஸ்ரா அந்தக் கறியைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு அடுப்பு எரிந்தது. மாமி மதிலுக்கு மேலால் குரலும் கொடுத்தார். அக்கா வந்தார், ஜெஸ்லாவுக்கு ஒவ்வொரு நாளும் வராமலிருக்க ஒரு சாட்டு இருந்தது. நடுத் தட்டு காலியானது. பிரிஜ்ஜை எடுத்துக்கொண்டு போங்கள் என்று மாமி சொல்லியனுப்பினார். எடுத்துக்கொண்டு போனால் அது அங்கே இருப்பதை யாராவது பார்க்க வேண்டிவரும். அது மாமிக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதனால் அது அங்கேயே நின்றது. பில்லில் தன் பங்கை முஸம்மில் நானா சந்திரகாந்தா அக்காவின் கையில் கொடுத்தனுப்பினார்.

"இப்ப அது நம்மட பிரிஜ்தான்," என்றார் இத்ரூஸ் மாமா. "கவர்மெண்டே எழுதித் தந்தீக்கி."

இந்தத் தடவை மாமி சிரிக்கவில்லை.

தம்புள்ளை மொத்தச் சந்தையில் மாமா மூட்டை இறக்கிய கடை முதலாளி ஒருவர், பில் எழுதவும் போன் எடுக்கவும் ஒரு பெண்பிள்ளை தேவை என்று சொல்லியிருந்தார். டீச்சர் இரண்டாம் தடவை லேனுக்கு வந்தார். இன்னும் கொஞ்ச நாள்தானே, கடன் வாங்கியாவது என்று மன்றாடினார். கடன் கொடுக்கக்கூடியவர்கள் எங்கள் லேனில் யாரும் மிஞ்சியிருக்கவில்லை. தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்போது, நுஸ்ராவின் தலையைத் தடவி, வேலைக்குப் போனாலும் பரீட்சைக்கு உட்காரு என்றார். நுஸ்ரா சரி என்றாள். சந்தை விடியும் முன் தொடங்கி வெயில் சாயும்போது முடியும். இயற்பியல் படிக்க அதில் எங்கே நேரம் இருக்கிறது என்று டீச்சருக்குத் தெரியாமல் இல்லை.

அவள் முதல் நாள் வேலைக்குப் போன காலையில் பஸ் நிறுத்தத்தில் நானும் நின்றிருந்தேன். வானம் வெளுத்திருக்கவில்லை. குருநாகல் பக்கமிருந்து மரக்கறி லொறிகள் வரிசையாகத் தம்புள்ளைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது தாயும் மகளும் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மாமி கையில் சாப்பாட்டுப் பொட்டலம், வாழையிலையில் கட்டியது. அதை அவள் இன்னும் வாங்கியிருக்கவில்லை.

"அவங்க நமக்காகச் சொல்லியிருப்பாங்களா உம்மா? நம்ம வீட்டுப் புள்ளைக்கு வருத்தம், அவங்க வீட்டுப் புள்ளைக்குப் படிப்பு எண்டா?"

பொய் சொல்லலாமா என்று மாமி யோசித்திருக்கலாம்.

"சொல்லியிருக்க மாட்டாங்க" என்றார்.

"தெரிஞ்சுதான் அப்பிடிச் சொன்னீங்களா?"

"தெரிஞ்சுதான்."

இன்னொரு லொறி போனது. அதன் வெளிச்சம் இரண்டு முகத்தின் மேலும் விழுந்து நகர்ந்தது.

"ஒங்கட பொருள நீங்க யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்," என்றாள் நுஸ்ரா. சத்தம் உயரவில்லை. "இது என்டது. என்ட பரீட்சை. ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நானும் ஓம்னுதான் சொல்லியிருப்பேன் உம்மா. நீங்க கேக்கவே இல்ல."

மாமி அவளைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "கேக்கல்ல."

தம்புள்ளை பஸ் வந்தது. மாமி கையைக் காட்டி நிறுத்தினார். பொட்டலத்தை நீட்டினார், நுஸ்ரா வாங்கிக்கொண்டு ஏறினாள், அவளுக்குப் பின்னால் நானும். சந்தைக்குப் போகும் பெண் ஒருத்தி கூடையை மடிக்கு எடுத்து, பக்கத்தில் இடம் விட்டாள். நுஸ்ரா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தம்புள்ளை வரைக்கும் நின்றே போனாள்.